உடுப்புத் தோய்ப்பது யார் வேலை?



இவ்விதழுக்கு ‘இளந்தலைமுறையும் சமயமும்’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டிருந்தார்கள். இளந்தலைமுறையினர் இருவர் என் வீட்டிலேயே இருக்கின்றனர். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 14. ஆனால் உண்மையைச் சொல்வதானால், சமயத்தைப் பற்றி நானும் அவர்களும் பேசுவது குறைவு. உடுப்பைப் பற்றிப் பேசுவதே அதிகம். பேசுவது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். கத்துவது என்பதே சரி. ஆகவே எனக்குத் தெரிந்த விடயத்தைப் பற்றி எழுதுகிறேன். அது கடைசியில் சமயத்துக்கு வந்து சேர்கிறதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்ப்பவன் நான். இது 2020 வசந்த காலத்தில் தொடங்கியது. என் மனைவி முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்பவர். ஒன்ராறியோவில் அத்தகைய இல்லங்களைக் கொரோனா எப்படி உலுக்கியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் வேலை முடிந்து வந்தால் கராஜிலேயே உடுப்பை மாற்றி, ஒரு பையில் கட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அந்தப் பையை எடுத்துச் சுடுநீரில் தனியாகத் தோய்ப்பது என் பொறுப்பாயிற்று. பிறகு வீட்டு உடுப்பெல்லாம் என் பொறுப்பாயிற்று. நோய் தணிந்தது. பொறுப்பு என்னிடமே தங்கிவிட்டது.

ஆரம்பத்தில் எனக்கு இது பிடித்திருந்தது. நான் கணக்காளன். வார நாட்களில் இரவு 7 மணிக்குப் பின்னும், சனி ஞாயிறு நாள் முழுவதும் மின்சாரம் மலிவு என்பதைப் பார்த்து, அதற்கேற்ப நேர அட்டவணை போட்டேன். வெள்ளை ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை, துவாய்கள் ஒரு தடவை. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை அட்டவணை நன்றாக ஓடியது. அவர்கள் பதின்ம வயதை அடைந்ததும் அட்டவணை உடைந்தது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு துவாய். அது ஈரத்தோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கும். மேஸ்கள் உட்பக்கம் வெளியே திரும்பி, பந்து போல உருண்டு, சோடியை இழந்து வரும். களிசான் பையிலே ரிஷ்யூக் கடதாசி இருக்கும். அது மெசினுக்குள் கரைந்து கறுத்த உடுப்பெல்லாம் பனி கொட்டியது போல ஒட்டும். மகன் கூடைப்பந்து விளையாடிய உடுப்பைப் பையிலேயே மூன்று நாள் வைத்திருந்து, நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு, “அப்பா, என்ட ஜேர்சி தோய்ச்சிட்டீங்களோ?” என்று கேட்பான்.

மகளின் விடயம் வேறு. காலையில் நாலு உடுப்பைப் போட்டுப் பார்த்து ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போவாள். மற்ற நாலும் நிலத்தில். அறையைத் துப்புரவு செய்யச் சொன்னால் நிலத்தில் கிடப்பதெல்லாம் அழுக்குக் கூடைக்குள் போகும். அலுமாரிக்குள் மடித்து வைப்பதிலும் பார்க்கக் கூடைக்குள் போடுவது சுலபம். தொழிற்பழக்கத்தால் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். அவளுடைய கூடையில் 41 உடுப்புகள். அவற்றில் 17 உடுப்புகளில் நான் முந்திய வாரம் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

அந்த 17 உடுப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு பேஸ்மென்ற்றில் நின்றபோது எனக்கு வந்த கோபம் உடுப்பின் அளவுக்கு மிஞ்சியது. மெசின்தானே தோய்க்கிறது? துலாவில் தண்ணீர் இறைத்துக் கல்லில் அடிக்கவா சொன்னார்கள்? பிறகு ஏன் இவ்வளவு கோபம்? இதை நான் பல நாள் யோசித்தேன். கோபம் வேலைக்காக அல்ல. அந்த வேலையை ஒருவன் செய்கிறான் என்பதே அவர்களுடைய கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக. சமைத்தால் சோறு மேசையில் இருக்கும், ருசி சரியில்லை என்றாவது சொல்வார்கள். தோய்த்த உடுப்பு அப்படியல்ல. எந்த வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடவாதது போலத் தோன்றுகிறதோ, அந்த வேலையைச் செய்பவனும் இல்லாதவன் போலவே ஆகிவிடுகிறான்.

மூன்று வழிகள்

கோபத்தோடு மூன்று வழிகளை முயன்றேன். மூன்றும் பிழைத்தன. அவை பிழைத்த விதம் எனக்குப் பாடமாக அமைந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வேலைநிறுத்தம். “இனி உங்கட உடுப்பை நான் தொடமாட்டன்” என்று அறிவித்தேன். மகன் கவலைப்படவில்லை. ஒரே ஹூடியை ஒன்பது நாள் போட்டான். மகள் அலுமாரியின் அடிவரை போய்ப் பழைய உடுப்புகளைக் கண்டெடுத்தாள். பத்தாம் நாள் நான் வேலையால் வந்தபோது எல்லாம் தோய்த்து மடித்துக் கிடந்தன. இரவு வேலை முடித்து வந்த மனைவி, படுக்கப் போகாமல் இருந்து செய்திருக்கிறார். “நாறுது, பிள்ளையள் எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?” என்றார். ஒருவர் இறக்கி வைக்கும் சுமை அதற்கு உரியவரின் தலையில் போய் ஏறுவதில்லை. அந்த வீட்டில் இரக்கம் கூடியவர் யாரோ அவருடைய தலையில்தான் ஏறுகிறது.

இரண்டாவது, காசு. தங்கள் உடுப்பைத் தாங்களே தோய்த்தால் வாரம் 5 டொலர் என்றேன். மகள் ஒரு கோப்பிக் கடையில் பகுதிநேரமாக வேலை செய்கிறாள். அவள் சிரித்துக்கொண்டு, “அப்பா, நான் உங்களுக்கு 10 டொலர் தாறன். நீங்களே தோய்யுங்கோ” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு மறுமொழி வரவில்லை. விலை பேசலாம் என்று தொடங்கியவன் நான். கூடுதலான விலை சொன்னவள் அவள். காசு கொடுத்தால் அந்த வேலையைப் பார்க்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கலாம் என்று நானே அவளுக்குக் கற்பித்துவிட்டேன்.

மூன்றாவது, பேச்சு. நம்மவர் வீடுகளில் எல்லோரும் செய்யும் பேச்சுத்தான். “உங்கட வயசில நாங்கள் கிணத்தடியில தண்ணி அள்ளி, கல்லில அடிச்சு, எங்கட உடுப்பை நாங்களே தோய்ச்சனாங்கள்” என்று தொடங்கினேன். மகன் காதில் இருந்ததைக் கழற்றவில்லை. மகள் மட்டும் கேட்டாள்.

“உண்மையாவோ அப்பா? சின்ன வயசில இருந்தே நீங்கள்தான் தோய்ச்சனீங்களோ?”

“ஓம்” என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டேன். ஏனெனில் அது உண்மையல்ல.

உண்மைக் கணக்கு

நான் என் உடுப்பை முதன்முதலாகத் தோய்த்தது 1995ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். அப்போது எனக்கும் 16 வயது. ஐப்பசி 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததை இவ்விதழின் வாசகர்கள் பலர் அறிவார்கள். அவர்களும் நடந்திருப்பார்கள். கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஏழு குடும்பங்கள் இருந்தோம். ஒரு கிணறு. எனக்கு இரண்டு சேட்டு, ஒரு களிசான், ஒரு சாரம். அம்மாவால் எல்லோருடையதையும் தோய்க்க முடியவில்லை. ஆகவே நானும் வரிசையில் நின்று தோய்த்தேன். அடுத்த சித்திரையில் வீடு திரும்பினோம். திரும்பிய மறுநாளே கிணற்றடியில் அம்மாதான் தோய்த்தார். நான் மறுபடியும் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, நான் தோய்த்தது ஆறு மாதம். ஆறு மாதக் கணக்கை ஒரு வாழ்நாள் கணக்காகக் காட்டுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு. மோசடி என்பது அந்தப் பெயர்.

அதற்கு முன் என் உடுப்பைத் தோய்த்தவர் யார்? அதுவும் அம்மாதான். 1990 ஆனியில் போர் திரும்பவும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின் சவர்க்காரம் யானை விலை விற்றது. அம்மா பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் தோய்த்தார். கொடியில் காயும் உடுப்பின் வாசத்துக்கு மாடு வந்து சேட்டின் கையைச் சப்பிவிடும். மாட்டைத் துரத்துவது மட்டுமே என் வேலை. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

அதற்கும் முன்பு?

எண்பதுகளில் எங்கள் வீட்டுக்குக் கட்டாடியார் ஒருவர் வந்துபோனார். அப்போதே அவருக்கு வயது போய்விட்டது. பின் படலையால் வருவார். முற்றத்தில் நிற்பார். விறாந்தையில் ஏறமாட்டார். அம்மம்மா அழுக்கு மூட்டையை எண்ணி நிலத்தில் வைப்பார், கையில் கொடுக்கமாட்டார். அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதற்கென்று ஒரு பேணி வேலியோரம் கவிழ்த்து வைத்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளையாகிய நான் அவரைப் பெயர் சொல்லி, “நீ எப்ப கொண்டு வருவாய்?” என்று கேட்பேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். என் பாட்டனாரின் வயதுடைய ஒருவரை அப்படி அழைத்ததற்காக என்னை எவரும் கண்டித்ததில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அவர் உடுப்புகளைக் கொண்டுபோய் உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் கொண்டுவருவார். ஊரிலே எத்தனையோ வீட்டு உடுப்பு அவரிடம் சேரும். சேங்கொட்டைச் சாயத்தில் போட்ட ஒரு சிறு குறியை வைத்தே எது எந்த வீட்டினுடையது என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் மாறாது. நான் ஐந்து பேர் உள்ள வீட்டில் மகனுடைய மேஸ் எது, என்னுடைய மேஸ் எது என்று தெரியாமல் நிற்கிறேன். எங்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்கிலும் கலியாணத்திலும் செத்த வீட்டிலும் வெள்ளை கட்டியவர் அவர். எங்கள் வீட்டுத் துடக்குகள் எல்லாம் அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. எத்தனை பிள்ளைகள் என்பதுகூட எனக்குத் தெரியாது. போருக்குள் அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் தெரியாது. அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. நான் அறிந்தது எங்கள் வீட்டார் மரியாதையின்றிக் கூப்பிட்ட பெயரை மட்டுந்தான்.

1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு மக்கள் நின்றார்கள். இவையெல்லாம் நடந்து எத்தனையோ வருடங்களின் பின்னரும் எங்கள் வேலியோரத்தில் அந்தப் பேணி கவிழ்ந்தே கிடந்தது.

இன்னுமொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, வைத்தியசாலை விரிப்புகளைத் தோய்க்கும் ஒரு தொழிற்சாலையில். இரவு வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டத்தை அங்கே எவரும் கேட்கவில்லை. இரத்தமும் மலமும் பட்ட விரிப்புகளைப் பிரித்துப் போட வேண்டும். ஒன்றரை வருடம் செய்தேன். அங்கே பல நாட்டவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். என்னை எவரும் இழிவாக நடத்தவில்லை. ஆனால் ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில், “என்ன வேலை தம்பி?” என்று கேட்டபோது, “ஒரு கொம்பனியில” என்று மட்டும் சொன்னேன். அவர் காலமாகும்வரை அதற்குமேல் சொல்லவில்லை. வேலை கடினம் என்பதற்காக நான் மறைக்கவில்லை. இங்கே பனி வழித்த கதையை, கோப்பை கழுவிய கதையை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைமட்டும் ஏன் மறைத்தேன் என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

மகளுக்கு இதில் எவ்வளவைச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “அப்ப நாங்கள் செய்யிறதும் அதுதானே அப்பா?” என்றாள். “நீங்கள் எங்களுக்குக் கட்டாடியார்.” பிறகு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “அம்மம்மாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய்த் தமிழில சொல்லுறதும் இங்கிலீசில சொல்லுறதும் ஆர்? உங்கட அரசாங்கக் கடிதங்களை அம்மாவுக்கு வாசிச்சு விளங்கப்படுத்துறது ஆர்? அதை நீங்கள் எண்ணிப் பாத்தனீங்களோ?” என்றாள்.

எண்ணவில்லை. பதினொரு வயதிலிருந்து அவள் அதைச் செய்கிறாள். ஒவ்வொரு பதிவுக்கும் இன்னொரு பக்கம் உண்டு என்று பிழைப்பு நடத்துகிற நான், என் வீட்டுக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதி வைத்திருந்தேன். 2020க்கு முந்திய காலத்தில் என் சேட்டுகளை யார் தோய்த்தார்கள் என்றும் நான் கேட்டதில்லை. மனைவி தோய்த்தார். அலுமாரியைத் திறந்தால் சேட்டு இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தொண்டு என்பது எது?

என் மாமியார் எங்களோடு இருக்கிறார். வயது 78. இந்த வாக்குவாதங்களைக் கேட்டுவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னார். “ஏன் தம்பி இவ்வளவு கோபப்படுறியள்? பெத்த பிள்ளையளுக்குச் செய்யிறது தொண்டுதானே. திருக்குறிப்புத் தொண்டர் செய்யேல்லையே?”

நல்ல கேள்வி. நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவர் திருக்குறிப்புத் தொண்டர். காஞ்சிபுரத்தில் வண்ணார் குலத்தில் பிறந்தவர். அடியார்களுடைய உடுப்பைத் தோய்த்துக் கொடுப்பதையே தொண்டாகக் கொண்டவர். குளிர் காலத்தில் ஒருநாள் இறைவன் மெலிந்த அடியாராக, அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். தோய்த்துத் தருகிறேன் என்று நாயனார் கேட்க, குளிருக்கு இந்தக் கந்தை ஒன்றுதான், பொழுது சாய முன் தருவதானால் கொண்டுபோ என்கிறார். நாயனார் தோய்த்து முடிக்க மழை பிடித்துக்கொள்கிறது. பொழுதும் போகிறது, மழை விடவில்லை. அடியாருக்குத் தீங்கு செய்துவிட்டேனே என்று துணி அடிக்கும் கல்லிலே தன் தலையை மோதுகிறார். அப்போது இறைவனுடைய கை வந்து அவரைப் பிடிக்கிறது.

சிறுவயதில் புராண படனத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். உருகியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் வேறு இரண்டு விடயங்கள் மனதில் நிற்கின்றன.

ஒன்று, நாயனார் தோய்த்தது யாருடைய கந்தையை? குளிரில் நடுங்கும், மாற்றுடுப்பு இல்லாத, மெலிந்த ஒருவருடையதை. அடியாருடைய குறிப்பை அறிந்து, அவர் வாய் திறந்து கேட்கும் முன்பே, தானாக விரும்பிக் கேட்டு வாங்கினார். அதனால்தானே அவருக்கு அந்தப் பெயர். ஆகவே தொண்டு என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டென்று கொள்கிறேன். செய்பவர் தானே விரும்பிச் செய்ய வேண்டும், மறுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். பெறுபவருக்கு அது உண்மையான தேவையாக இருக்க வேண்டும். நடமாட முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தோய்ப்பது தொண்டு. கை கால் சுகமாக உள்ள பதினாறு வயதுப் பிள்ளைக்கும், பதினாறு வயதில் இருந்த எனக்கும், நாற்பது வயதில் இருந்த எனக்கும் பிறர் தோய்த்துக் கொடுத்ததற்குத் தொண்டு என்று பெயரிடுவது பொருந்தாது. அது வழக்கம். வழக்கத்துக்குத் தொண்டு என்று பெயர் வைத்தால் அதைச் செய்பவர் களைத்தாலும் வாய் திறக்க முடியாது. அம்மாக்களுக்கு நாம் செய்தது இதுதான். கட்டாடியாருக்கு நாம் செய்தது இதனினும் கொடியது. அவருக்கு அது பிறப்பிலே விதித்த கடமை என்றோம். மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

மற்றது, இறைவனின் கை எப்போது வந்தது என்பது. தோய்க்கும்போது தடுக்க வரவில்லை. தொண்டர் தன்னையே அழித்துக்கொள்ளப் போகும்போது வந்தது. தொண்டு செய்பவர் அதிலே சிதைந்து போவதை இறைவன் ஏற்கவில்லை என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன். இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொள்ளாமல் உடுப்பு மடிக்கும் தாயைப் பார்த்து, ‘தெய்வம்’ என்று சொல்லிவிட்டு அப்பால் போவது பக்தியாகாது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

சேரமான் பெருமாள் நாயனாரின் கதையும் நமக்குத் தெரியும். உவர்மண் மழையில் கரைந்து உடல் வெளுத்து வந்த ஒருவரை, திருநீறு பூசிய கோலமாகக் கண்டு, அரசர் யானையிலிருந்து இறங்கி வணங்குகிறார். அவர் பதறிப்போய்த் தன் குலத்தைச் சொன்ன பிறகும் அரசர் தன் வணக்கத்தைத் திருப்பி எடுக்கவில்லை. இந்த இரண்டு கதைகளையும் நாம் தலைமுறை தலைமுறையாகக் கோவில்களில் படித்தோம். திருக்குறிப்புத் தொண்டர் அறுபத்துமூவர் வரிசையில் உள்ளே நின்றார். எங்கள் கட்டாடியார் வெளியே நின்றார். படித்தவர்களுக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. நான் என் பிள்ளைகளிடம், “உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?” என்று கத்தியபோது, இந்தக் கண் தெரியாமை எங்கள் வீட்டிலே பரம்பரையாக வருவது என்பதை யோசித்திருக்கவில்லை.

இப்போதைய ஒழுங்கு

ஆளுக்கொரு கூடை, ஆளுக்கொரு நேரம் என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். மகளுக்குச் சனி காலை, மகனுக்குச் சனி பின்னேரம், எனக்கும் மனைவிக்கும் ஞாயிறு. மாமியின் உடுப்பும் துவாய்களும் முறைக்கு முறை ஒவ்வொருவர். வைத்தியரிடம் மாமியைக் கூட்டிச் செல்வதும் இப்போது முறைக்கு முறைதான். எனக்கு மருத்துவச் சொற்கள் ஆங்கிலத்திலும் தெரியாது, தமிழிலும் தெரியாது என்பதை அங்கே போனபின்தான் அறிந்தேன்.

“நாங்கள் பட்ட கஷ்டம் பிள்ளையள் படக்கூடாது” என்று சிலர் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லியே வளர்த்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது. கஷ்டம் வேறு, வேலை வேறு. ஷெல்லுக்குப் பயந்து ஓடியது கஷ்டம். அது அவர்களுக்கு வேண்டாம். தன் உடுப்பைத் தானே தோய்ப்பது வேலை. அதைத் தவிர்த்து வளர்த்தால், அவர்கள் எங்கே போனாலும் தங்களுக்குத் தோய்ப்பதற்கு இன்னொருவரைத் தேடுவார்கள். மகனுக்கு வரப்போகும் மனைவி அந்த இன்னொருவராக இருக்கக் கூடாது என்பதில் என் மனைவி உறுதியாக இருக்கிறார். “ஆம்பிளைப் பிள்ளையை உடுப்புத் தோய்க்க விடுறியளோ?” என்று மாமி முதலில் முகம் சுளித்தார். “மருமகன் அஞ்சு வருசமாத் தோய்க்கிறார், அவர் ஆம்பிளை இல்லையோ அம்மா?” என்று மனைவி கேட்டதும் பேசாமல் விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் மோசடிக் கணக்காகும். மகளின் அறை நிலம் இன்னும் தெரியவில்லை. மகன் முதல் மாதத்தில் சிவப்பு ரீசேட்டையும் கோவில் வேட்டியையும் ஒன்றாகப் போட்டான். அந்த இளஞ்சிவப்பு வேட்டியோடு அவன் ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றும் ஈரத் துவாயைக் கண்டால் கோபம் வருகிறது. ஆனால் அதிலே முன்பு இருந்த ‘நான் மட்டும் நல்லவன்’ என்ற எண்ணம் இப்போது இல்லை.

சென்ற மாரியில் மாமிக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அவருடைய விரிப்பெல்லாம் பழுதாயிற்று. நானும் மனைவியும் வேலையால் வர முன், மகன் தானாகவே விரிப்புகளையும் அவருடைய உடுப்புகளையும் எடுத்துத் தோய்த்திருந்தான். எவரும் சொல்லவில்லை. அவனுடைய முறையும் அல்ல. கண்டான், செய்தான். அந்தத் தோய்ப்பில் மாமியின் கம்பளிச் சட்டையும் சுடுநீருக்குள் போய்ப் பிள்ளைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாமி அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, பேரன் தோய்ச்சது” என்றார். அதைத் தொண்டு என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக நமது ஆலயத்துக்கு வருகிறேன். அன்னதானம் முடிந்தபின் மேசை விரிப்புகள், அடுப்படித் துணிகள், நிலம் துடைத்த துணிகள் எல்லாம் நாலைந்து பைகளில் சேர்கின்றன. அடுத்த வாரம் அவை தோய்த்து மடித்து அதே அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. சென்ற மாதம் விசாரித்தேன். மூன்று அம்மாமார். நெடுங்காலமாக அந்த மூவர்தான். அவர்களுள் ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. “ஆரும் கேக்கேல்லைத் தம்பி, அதுதான் நாங்களே செய்யிறம்” என்றார்.

அதற்காக ஒரு முறைப் பட்டியலைக் காரியாலயக் கதவருகில் தொங்கவிட நிர்வாக சபையினர் இணங்கியிருக்கிறார்கள். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதியுள்ளேன். இரண்டாம் வாரத்துக்கு என் மகன் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறான். மூன்றாம் வரி இதை எழுதும் வரை வெறுமையாக இருக்கிறது. ஆண்களும் இளைஞர்களும் முன்வர வேண்டுமென்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கம்பளித் துணி இருந்தால் மட்டும் இரண்டாம் வாரத்தைத் தவிர்க்கவும்.